ஈரச் சுவருக்கு எத்தனை

இப்போதெல்லாம் யாரும் யாரையும் பார்த்து ‘இது சரியில்லை’ என்று சொல்வதே இல்லை என்பது ரிட்டனின் தீராத குறை. முடி வெட்டுகிறவன் எலி கடித்து வைத்தது மாதிரி வெட்டிவிட்டு ‘சூப்பரா இருக்கு சார்’ என்கிறான். வெட்டிக்கொண்டவனும் கண்ணாடியைப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு நேராகத் தொப்பிக் கடைக்குப் போகிறான். கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைக்கு ‘நல்ல முயற்சி’ என்று எழுதி அனுப்புகிறார்கள். போன மாதம் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால், வந்தவன் குழாயைத் தடவிக்கொடுத்துவிட்டு ‘ஒண்ணுமில்ல, பழகிரும்’ என்று போய்விட்டான். குழாய் பழகுமா, இவர் பழகிக்கொள்ள வேண்டுமா என்று அவன் சொல்லவில்லை. ஊரே வாயில் சர்க்கரையை அடக்கிக்கொண்டு பேசுகிறது என்பார்.

ரிட்டன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவிவிட்டுப் பேருந்துப் பணிமனையில் எடுபிடியாகச் சேர்ந்து, கடைசியில் பிரேக் சோதிக்கிற ஆளாகி ஓய்வு பெற்றவர். பழுது பார்த்து வருகிற வண்டியை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி, தரையில் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டருகே ஓங்கி மிதிப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் வெளியே போகலாம். ஒரு சாண் தாண்டினாலும் ‘ரிட்டன்’. மேலாளர் கெஞ்சினாலும் ரிட்டன், ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டாலும் ரிட்டன். அந்தச் சொல் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்படியும் வீட்டில் ஒருதரம் மாட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் விளையாட்டு. அதுவும் பிள்ளைகள் விளையாடுவது அல்ல. தையல்காரியான அவருடைய மனைவி, மனைவியின் தம்பி, மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரி மூன்று பேரும் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ரிட்டன் ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ரேடியோ கேட்பார். கேட்பதாகப் பேர்.

ஆரம்பித்து வைத்தது மருந்துக்கடைக்காரிதான். சட்டை ஒன்றைப் பிடித்துத் தைக்கக் கொண்டு வந்தவளின் பையிலிருந்து இருபது முகமுள்ள ஒரு பகடை உருண்டு மிஷினுக்கு அடியில் போனது. தேடி எடுத்துக் கொடுத்த தையல்காரி இது எதற்கு என்று கேட்டாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரி கதை சொல்வாள்: காடு, கோட்டை, காவல்காரன், நாய். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். சுலபமான காரியம் என்றால் நடந்துவிடும். சிரமமான காரியம் என்றால் அவள் ஓர் எண் சொல்வாள். பகடையை உருட்டி அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடந்தது. குறைவாக விழுந்தால் போச்சு. லேசான வேலைக்கு எட்டு, நடுத்தரத்துக்குப் பன்னிரண்டு, கஷ்டத்துக்குப் பதினாறு, வாய்ப்பே இல்லாததற்கு இருபது. எண்ணை முதலில் சொல்லிவிட்டுத்தான் உருட்ட விடுவாள். அது அந்த மேஜையின் சட்டம். எண்ணைக் கேட்டுவிட்டு ‘வேண்டாம், நான் உருட்டலை’ என்று பின்வாங்கவும் செய்யலாம்.

ரிட்டனுக்கு அந்தக் கூத்தில் பிடித்த ஒரே விஷயம் இதுதான். வெளியே சொல்லவில்லை.

தையல்காரியின் முதல் வேஷம் மூன்றாவது வாரத்திலேயே கிணற்றில் விழுந்து செத்தது. அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “பன்னெண்டு வேணும்னு சொன்னா, நான் நாலு போட்டேன். வேற யாரைக் குத்தம் சொல்றது” என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்ததாக அவள் போட்டுக்கொண்ட வேஷம் ஒற்றைக்கண்ணி: சுவரேறித் திருடுகிற, அரைக் கிழவி. வீடுகளுக்கு வண்ணமடிக்கிற தம்பி, மந்திரவாதி வேஷம். “நாளெல்லாம் ஏணில தொங்கிட்டு வரேன், இங்கயாவது கையை ஆட்டினா வேலை நடக்கட்டும்” என்பான்.

அந்த மேஜையில் தையல்காரியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மருந்துக்கடைக்காரி முதல் நாள் ‘அம்மா’ என்றதற்கு, “திருடப் போற எடத்துல அம்மான்னு கூப்பிட்டா காவல்காரன் திரும்பிப் பாப்பான்” என்று சொல்லிவிட்டாள்.

“அப்ப ஐயாவை?”

“அவரை ஐயான்னே கூப்பிடு. அவர் பொறக்கும்போதே ஐயா.”

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு மிஷின் மிதிக்கும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. கால் வீங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்றார்கள். வால்வு என்றால் என்னவென்று ரிட்டனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஆனால் அவருக்குத் தெரிந்த வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டலாம். பெரிய டாக்டர் அவரை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டார்.

“இந்த நெலமைல ஆபரேஷன் பண்ணா, பத்துப் பேர்ல மூணு பேர் பொழைக்கிறாங்க. பொழைச்சவங்க நல்லா இருக்காங்க. பண்ணலன்னா ஒரு வருஷம், கூடக் கொறைய. வீட்டம்மாகிட்ட பேசிட்டு முடிவு சொல்லுங்க.”

ரிட்டன் உள்ளே போனார். அவள் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரித் தலையணை உறையின் தையலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன தையல் இது, ரெண்டு தரம் துவைச்சா வாயைப் பொளந்துரும்” என்றாள். பிறகு, “என்னவாம்?”

“ஆபரேஷன் பண்ணிக்கலாமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்.”

ஆயுள் முழுக்க ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்காத வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. “சரி, பண்ணிக்குவோம்” என்றாள் அவள். அடுத்த மாதத்துக்கு நாள் குறித்தார்கள். எண் அவருடைய தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் விளையாட்டில் ஒரு கோளாறு இருப்பதை அவர் கவனித்தார். மருந்துக்கடைக்காரி எண்ணை முதலில் சொல்வதை விட்டுவிட்டாள். அதுவும் ஒருவருக்கு மட்டும். தம்பி உருட்டும்போது “பதினாலு வேணும்” என்று கறாராகச் சொன்னாள். அக்கா உருட்டும்போது, “உருட்டுங்கக்கா, பாப்போம்” என்றாள். ஒன்பது விழுந்தால் “போதும்” என்றாள். ஏழு விழுந்தாலும் “போதும், வழுக்கிட்டு எப்படியோ புடிச்சிட்டீங்க” என்றாள். ஒற்றைக்கண்ணி பூட்டைத் திறந்தாள், காவல்காரனை ஏமாற்றினாள், ஆற்றை நீந்தினாள். எங்கேயும் ஒரு கீறல் விழவில்லை.

இவள் என்னத்தையோ மறைக்கிறாள் என்று ரிட்டனுக்குப் பட்டது. விழுந்த பிறகு கோடு போடுகிறவள் எதற்கும் துணிந்தவள். முதலில் சுகமாக விட்டுக்கொடுத்து, கடைசியில் ஒரே அடியாகக் கவிழ்க்கப் பார்க்கிறாளோ. மருந்துக்கடைக்காரர்களை அவர் எப்போதுமே நம்பியதில்லை. அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் இருக்கிற பாதியைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. தையல்காரி முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். வளையல்களை வீக்கத்துக்காகக் கழற்றிவிட்டிருந்ததால் கை யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. கதையில் கோட்டைச் சுவர் வந்துவிட்டது. மூன்று மாடி உயரம். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. கீழே நாய்கள். இரண்டு வருஷமாக இந்தச் சுவரைத் தேடித்தான் அலைந்திருக்கிறார்கள். உள்ளேதான் ஒற்றைக்கண்ணியின் தங்கையை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

“ஏறுறேன்” என்றாள் தையல்காரி.

“உருட்டுங்கக்கா.”

ரிட்டன் ரேடியோவை அணைத்தார். நாற்காலியைத் திருப்பாமலே கேட்டார்.

“நம்பர் என்னம்மா?”

தம்பி அவருடைய முதுகைத் திரும்பிப் பார்த்தான்.

“இல்ல, நானும் பாத்துட்டேதான் இருக்கேன். அவனுக்கு முன்னாடி சொல்ற, இவளுக்கு மட்டும் பின்னாடி சொல்ற. இது எந்த ஊர் நியாயம்?”

“மாமா, நீங்க ரேடியோதானே கேட்டீங்க” என்றான் தம்பி.

“ரேடியோல ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு பதில் சொல்லட்டும்.”

மருந்துக்கடைக்காரி மேஜையில் கிடந்த நூல்கண்டை எடுத்து, அதன் நுனியைத் தேடினாள். தையல்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது.

“உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா? எனக்கு எப்பவோ தெரியும். இவ என்னைத் தோக்கவே விடமாட்டேங்கிறா.”

“ஜெயிக்க விட்டதுக்கு யாராவது சண்டை போடுவாங்களாக்கா?” என்றான் தம்பி.

“டேய், நீ மட்டும் போன வாரம் சேத்துல விழுந்து மூக்கை ஒடச்சுக்கிட்ட. எனக்கு ஒரு மண்ணும் நடக்கல. என்ன விளையாட்டு இது? எனக்கு மட்டும் பஞ்சு வச்சுத் தச்ச மாதிரி.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “இந்த மேஜைல மட்டும்தான் யாரும் என்னைக் கைத்தாங்கலா புடிக்காம இருந்தீங்க. அதையும் கெடுத்துட்டா.”

“நான் நம்பரை நெனைச்சுட்டுத்தான் வரேன்கா” என்றாள் மருந்துக்கடைக்காரி, நூலைப் பார்த்தபடியே. “பதினாறுன்னு வாய் வரைக்கும் வருது. உங்க கையைப் பாத்தா சொல்ல வரல. உங்க மாத்திரையெல்லாம் நான்தானே எடுத்துக் குடுக்கறேன். போன மாசம் மாத்தி எழுதினாங்களே, அதுக்கப்புறம் எனக்கு வரவே மாட்டேங்குது.”

ரிட்டனின் சந்தேகம் காற்றுப்போன டயர் மாதிரி உட்கார்ந்தது. கவிழ்க்கப் பார்க்கவில்லை. இவளும் சர்க்கரைக் கட்சிதான். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று பயந்து நகர்ந்தது.

“அப்ப நீ எந்திரி” என்றாள் தையல்காரி. “இந்தச் சுவருக்கு மட்டும் அவர் சொல்லட்டும்.”

“யாரு?” என்றார் ரிட்டன்.

“நீங்கதான். இந்த ஊர்லயே எரக்கமில்லாத ஆளு நீங்கதானே. கல்யாணத்தன்னைக்கு நான் கட்டியிருந்த சேலையோட ஓரத் தையல் கோணலா இருக்குன்னு சொன்ன மனுஷன். வாங்க, வந்து உக்காருங்க.”

“எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது.”

“எல்லாம் தெரியும். ரெண்டு வருஷமா முதுகாலயே வேடிக்கை பாத்தீங்க.”

அவர் எழுந்து வந்தார். மருந்துக்கடைக்காரி இடம் விட்டு நின்றுகொண்டாள். மேஜையில் சாக்கட்டியால் கோட்டையின் வரைபடம் போட்டிருந்தது. துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்கட்டி.

“சுவரைப் பத்திக் கேட்டுக்கங்க” என்றாள் மனைவி.

“கல்லுச் சுவர்” என்றாள் மருந்துக்கடைக்காரி, குரலைச் சரிசெய்துகொண்டு. “மழைல ஊறியிருக்கு. புடிக்க இடுக்கு இருக்கு, ஆனா பாசி. அக்காவுக்கு, அதாவது ஒற்றைக்கண்ணிக்கு, வெரல் மரத்துப்போயிருக்கு. விழுந்தா நாய்.”

“ஈரச் சுவரைப் பத்தி என்னைக் கேளுங்க மாமா” என்றான் தம்பி. “பிரஷ்ஷே நிக்காது, ஆள் எங்க நிக்கிறது.”

எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். பகடை உள்ளங்கையில் இருந்தது. கண் பளபளவென்று இருந்தது. உடம்பிலேயே அது ஒன்றுதான் இன்னும் பழைய ஆள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒருத்தராவது தன்னை நல்ல உடம்புக்காரியாக நினைத்துத் தராசைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பதினாறு. வண்டியாக இருந்தால் யோசிக்கவே மாட்டார். பதினாறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“எட்டு” என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். “ஈரச் சுவருக்கு எட்டா? மாமா, நீங்க...” என்றவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தையல்காரி பகடையை உருட்டவில்லை. அதை மேஜையில் மெதுவாக வைத்தாள். வெகுநேரம் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“உங்க வாயிலயே எட்டு வருதுன்னா,” என்றாள், “டாக்டர் வாயில என்ன வந்துச்சு?”

“அதான் அன்னைக்கே சொன்னேனே.”

“நீங்க சொன்னது கெடக்கட்டும். அவர் என்ன நம்பர் சொன்னார்?”

“நம்பர்லாம் ஒண்ணும் சொல்லல.”

“என்னங்க.”

அந்த ஒரு சொல்லில் ஒரு குடித்தனமே இருந்தது. அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சாக்கட்டித் தூள் விரலில் ஒட்டியது.

“பத்துல மூணு” என்றார்.

தம்பி எழுந்துவிட்டான். “என்ன மாமா சொல்றீங்க? ஒண்ணுமில்லன்னுதானே எங்க எல்லார்கிட்டயும்...”

“உக்காருடா” என்றாள் அக்கா. மருந்துக்கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். “இதுல அது எத்தனை?”

“அக்கா, வேண்டாமே.”

“கேட்டதுக்குச் சொல்லு.”

மருந்துக்கடைக்காரி விரல்விட்டு எண்ணவில்லை. அவர் சொன்னபோதே எண்ணி முடித்திருந்தவள் மாதிரி உடனே சொன்னாள். “பதினஞ்சு. பதினஞ்சோ அதுக்கு மேலயோ விழணும். இருபது முகத்துல ஆறு.”

“பதினஞ்சு.” துணியின் அளவைச் சொல்லிப் பார்ப்பது போல அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “கஷ்டம்தான். ஆனா சொல்லக்கூடாத நம்பர் ஒண்ணும் இல்லையே.” பிறகு அவரிடம், “பண்ணிக்கலன்னா?”

“ஒரு வருஷம். கூடக் கொறைய.”

“அதுக்கும் நம்பர் சொல்லியிருக்காரு. அதையும் முழுங்கிட்டீங்க.”

“நீ பயந்துருவன்னுதான்.”

“பயந்திருப்பேன். பயந்துட்டு யோசிச்சிருப்பேன். நீங்க எட்டுன்னு சொல்லிட்டீங்க, நானும் எட்டுதானேன்னு கையைத் தூக்கிட்டேன்.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, வியர்த்திருந்தது. “நாலு நாள்ல என்னைப் படுக்க வச்சிருப்பாங்க. நானும் சிரிச்சுட்டே போயிருப்பேன். என்ன வேலை பண்ணீங்க நீங்க.”

தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. தையல்காரி பகடையை எடுத்து, பதினைந்து என்ற முகம் மேலே வரும்படி வைத்துப் பார்த்தாள். விரலால் தட்டிவிட்டாள்.

“நான் ஏறலை” என்றாள்.

“சுவரையா?” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“ரெண்டையும்தான்.”

“இந்தா, அவசரப்படாத” என்றார் ரிட்டன். “மூணு பேர் பொழைக்கிறாங்கல்ல. அந்த மூணு பேர் யாரு? அவங்களும் மனுஷங்கதானே. அதுல ஒருத்தி நீயா இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம். பதினஞ்சு விழவே விழாதுன்னு நான் சொல்லலையே. உருட்ட வேண்டாம்னு தோணுது, அவ்வளவுதான். ஒரு வருஷம் கையில இருக்கு. அதை வச்சு நான் என்னென்னவோ தச்சிருவேன்.” அவள் மருந்துக்கடைக்காரியிடம் திரும்பினாள். “அடியே, நின்னுட்டே இருக்காத, உன் எடத்துல வந்து உக்காரு. உள்ள போறதுக்கு வேற வழி இருக்கா?”

மருந்துக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “சாக்கடை இருக்கு. சுத்து வழி. நாத்தம். உள்ள போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிரும்.”

“விடியட்டும். நம்பர்?”

“பன்னெண்டு.”

“முன்னாடியே சொன்ன பாரு, இப்பதான் நீ பொண்ணு. டேய் மந்திரவாதி, மூக்கைப் பொத்திக்கிட்டு வா.”

தம்பி வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். மூக்கைப் பொத்துகிற மாதிரிதான் இருந்தது. “வரேன்கா” என்றான், கைக்குள்ளிருந்து.

ரிட்டன் இன்னும் அங்கேயே நின்றார். அவர் நிற்பதற்கு அந்த மேஜையில் இப்போது இடம் எதுவும் இல்லை. அவர்கள் ஒரு சாக்கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஆழம், எலி உண்டா, விளக்கை யார் பிடிப்பது. அவளுடைய குரலில் மூச்சு வாங்கல் அப்படியே இருந்தது, ஆனால் பல வாரங்களாக இல்லாத ஒரு துள்ளல் அதற்குள் வந்திருந்தது. அந்தத் துள்ளலைத்தான் அவரால் கேட்க முடியவில்லை. செத்துப்போக முடிவு பண்ணிவிட்டு இப்படியா பேசுவாள் ஒருத்தி.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். படியில் இறங்கும்போது பகடை மேஜையில் உருளும் சத்தமும் தம்பியின் ஏதோ ஒரு பேச்சும் கேட்டன. என்ன விழுந்தது என்று தெரிந்துகொள்ள அவர் நிற்கவில்லை.

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. சலவைக் கடையில் ஒருவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வணக்கம் சொன்னான். அவர் காதில் வாங்கவில்லை. பத்துப் பேர் வரிசையாக நிற்பது போலவும், அதில் மூன்று பேர் மட்டும் நகர்ந்து வெளியே வருவது போலவும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூவரில் ஒருத்தியாக அவள் வந்திருப்பாள். யார் கண்டது. ஒன்றும் தெரியாமல், சிரித்துக்கொண்டே போய்ப் படுத்து, சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாள். அந்த ஒரு எண்ணை அவர் வாயிலிருந்து பிடுங்காமல் இருந்திருந்தால். நியாயமாம், நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதை யார் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது.

பின்னால் தம்பி ஓடிவந்தான். “மாமா, அக்கா கேக்குது, எங்க போறீங்கன்னு.”

“எங்கயுமில்ல.”

“கோவமெல்லாம் இல்லையாம். வந்து உக்காரச் சொல்லுது.”

“நீ போ. போய் அவகூட இரு.”

“மாமா, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமா.”

“சொல்லியிருக்கவே கூடாது” என்றார் ரிட்டன். “இன்னைக்கும் சொல்லியிருக்கக் கூடாது. எட்டுன்னு சொன்னதுல ஒரு தப்பும் இல்லை.”

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவர் கேட்க நிற்காமல், இரண்டு பக்கமும் பார்க்காமலே தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் வேகமாக நடந்துகொண்டே போனார்.